பலன் ÷ செலவு > தொடர்பு எண்ணிக்கை: இந்த விதி ஊருக்குள் எங்கே நிற்கும், எங்கே விழும்?

#1 சின்னாறு (தருமபுரி)

வணக்கம். பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றை மனதில் வைத்து எழுதிய சிமுலேஷன் தலைகீழான விடை தருகிறது. அமைப்பைச் சொல்கிறேன், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்க.

100 வீடு. வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஆக 4 தொடர்பு. ஆட்டம் என்னவென்றால், கேழ்வரகு அறுப்புக்குக் கூலி இல்லாமல் ஆளுக்கு ஆள் போவது. ஒத்துழைக்கிற வீடு நாலு அக்கம்பக்கத்துக்கும் ஆள் அனுப்பும். ஒரு வீட்டுக்கு அனுப்பச் செலவு 1, பெறுகிற வீட்டுக்குப் பலன் 5. அறுப்பு தள்ளிப்போய் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்பதால் பலனைப் பெரிதாக வைத்தேன். ஏய்க்கிற வீடு ஆள் வாங்கிக்கொள்ளும், அனுப்பாது.

ஒட்சுகி, ஹவர்ட், லீபர்மன், நோவாக் நாலு பேரும் 2006-ல் நேச்சர் இதழில் போட்ட விதிப்படி, பலனைச் செலவால் வகுத்து வரும் எண் தொடர்பு எண்ணிக்கையைத் தாண்டினால் ஒத்துழைப்பு தழைக்கணும். 5 > 4. ஆனால் ஓட்டினால் பெரும்பாலும் ஒத்துழைப்பு செத்துப்போகிறது.

ஓட்டும் முறை: வருமானத்துக்கு ஏற்ற வாய்ப்பில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பேன். அதன் குணத்தை அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டின் மேல் எழுதுவேன். எதிர்ம எண் வராமல் இருக்க எல்லா வருமானத்தோடும் 5 கூட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி. 50 தடவை ஓட்டம்.

#2 தகடூர்க்கணக்கன் (தருமபுரி)

தம்பி, விதியில் பிழை இல்லை. விதிக்குச் சொன்ன ஆட்டத்தை நீங்க ஆடவில்லை, அவ்வளவுதான். மூன்று இடத்தில் விலகியிருக்கீங்க. முதலாவதுதான் கொலைகாரன்.

நீங்க செய்வது 'பிறப்பு முதலில், இறப்பு பிறகு'. வலுத்தவர் முதலில் தேர்வாகிறார், பிறகு பக்கத்து இடத்தைப் பிடிக்கிறார். அந்த முறையில் சீரான வலைப்பின்னலில் பலன் எத்தனை மடங்கானாலும் ஒத்துழைப்பு தழைக்காது. இது அதே 2006 கட்டுரையிலேயே இருக்கிறது. விதி பிறந்தது 'இறப்பு முதலில்' முறையில். எல்லோரிலும் ஒருவர் சம வாய்ப்பில் இடத்தைக் காலி செய்கிறார், காலியான இடத்துக்கு அவருடைய அக்கம்பக்கத்தார் வலுவுக்கு ஏற்பப் போட்டி போடுகிறார்கள்.

வரிசை மாறினால் என்ன என்று தோன்றும். யாரோடு போட்டி என்பதே மாறிவிடுகிறது. பிறப்பு முதலில் என்றால் என் போட்டியாளர் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் ஆள் அனுப்பி வளர்த்துவிடுவதும் அதே ஆளைத்தான். கையில் இருக்கிற கத்தியைத் தீட்டி எதிராளியிடம் கொடுத்த கதை. இறப்பு முதலில் என்றால், காலியான வீட்டுக்குப் போட்டி போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் இரண்டு அடி தள்ளி இருப்பவர்கள். நடுவில் இருப்பவர் காலி. நான் செய்த உதவி என் போட்டியாளருக்குப் போவதைவிட என்னைச் சுற்றியுள்ள என் கூட்டத்துக்குள்ளேயே அதிகம் சுற்றுகிறது. ஒத்துழைப்பு பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

இரண்டாவது, தேர்வின் வலிமை. விதி 'மெலிந்த தேர்வு' என்ற எல்லையில் நிரூபிக்கப்பட்டது. வலு = 1 − வ + வ × வருமானம், இதில் வ மிகச் சிறியது, 0.01 மாதிரி. நீங்க எல்லாவற்றோடும் 5 கூட்டியதால் யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாத வீட்டின் வலு 5. நாலு பக்கமும் ஒத்துழைப்பவர் சூழ்ந்த ஏய்ப்பவர் வலு 25. ஐந்து மடங்கு. இது மெலிந்த தேர்வு இல்லை, வெட்டுக்குத்து.

மூன்றாவது, அளவுகோல். 'தழைக்கும்' என்றால் பெரும்பாலும் ஜெயிக்கும் என்று பொருள் இல்லை. ஒரே ஒரு ஒத்துழைப்பவரை 99 ஏய்ப்பவர் நடுவில் விட்டால், அவர் குணம் ஊர் முழுக்கப் பரவும் வாய்ப்பு 1/100-ஐத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. குணத்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றால் சரியாக 1/100 வரும். பாதிக்குப் பாதி தொடங்கினால் 0.5-ஓடு ஒப்பிடணும். 50 ஓட்டத்துக்கு அந்த மதிப்பீட்டின் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் வரும் ஆட்டம், 0.07. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. 4 என்பது ஊர் பெரிதாகப் பெரிதாக வரும் எல்லை. உங்க வட்டத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதால் சரியான சூத்திரமே இருக்கிறது: (வீடு − 2) ÷ (வீடு/தொடர்பு − 2). 98 ÷ 23 = 4.26. உங்க 5 தாண்டுகிறது. ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டுக்கு 8 தொடர்பு வைத்தால் 98 ÷ 10.5 = 9.33. ஊர் சின்னதாகி 16 வீட்டுக்கு 8 தொடர்பு என்றால் கீழே பூஜ்யம். எவ்வளவு பலனும் போதாது.

#3 சின்னாறு

நன்றிங்கண்ணா. 50 ஓட்டம் போதாது என்றால் எத்தனை?

#4 ஓசூர்_நிரல் (ஓசூர்)

வ = 0.01 என்றால் 0.01-லிருந்து விலகல் அதன் சில சதவீதம்தான் வரும். 1,000 ஓட்டம் வைத்தால் திட்டப் பிழை 0.003, அதாவது தேடுகிற எண்ணிலேயே 30 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், பத்து லட்சத்துக்கு 1 சதவீதம். பத்து லட்சம் வையுங்க. பயப்பட வேண்டாம், ஒற்றை ஒத்துழைப்பவரில் தொடங்குகிற ஓட்டங்களில் பெரும்பாலானவை சீக்கிரமே முடிந்துவிடும்.

நேரத்தைத் தின்பது வேறு. ஒவ்வொரு அடியிலும் 100 வீட்டு வருமானத்தையும் திரும்பக் கணக்குப் போட்டால் நாள் கணக்கில் ஓடும். ஒரு வீடு மாறினால் பாதிப்பது அந்த வீடும் அதன் 4 அக்கம்பக்கமும், ஆக 5 வீடு. அவற்றை மட்டும் திருத்துங்க. இறப்பு முதலில் முறையில் அதுகூட வேண்டாம். காலியான வீட்டின் 4 பக்கத்து வீட்டு வலு மட்டும் அப்போதைக்கு எடுத்தால் போதும். நாலும் ஒரே குணமாக இருந்தால் வலுவே பார்க்க வேண்டியதில்லை.

வருமானம் எதிர்மமாகப் போனாலும் எதையும் கூட்ட வேண்டாம். தனியாக மாட்டிய ஒத்துழைப்பவருக்கு −4, வலு 0.99 − 0.04 = 0.95. கொழுத்த ஏய்ப்பவருக்கு 20, வலு 1.19. எல்லாம் நேர்மம்தான்.

சரிபார்க்க: முதலில் பலன், செலவு இரண்டையும் 0 ஆக்கி ஓட்டுங்க. 0.01 வரணும். வரவில்லை என்றால் நிரலில் பிழை, கோட்பாட்டைத் திட்ட வேண்டாம். பிறகு 10 வீட்டு வட்டம், ஆளுக்கு 2 தொடர்பு. சூத்திரப்படி எல்லை 8 ÷ 3 = 2.67. பலன் 2 வைத்தால் 0.1-க்குக் கீழும் 4 வைத்தால் மேலும் வரணும். இந்த மூன்றும் சரியாக வந்த பிறகு ஊருக்குப் போங்க.

#5 மதகடி (பாரூர்)

கணக்கு சரிதான். ஊரில் யார் சாகிறார், யார் பிறக்கிறார்? வீடு காலியாவதும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் குட்டி வந்து உட்காருவதும் இல்லை. மனுஷனுக்கு இந்த முறையை எந்த நியாயத்தில் பொருத்துவது?

#6 தகடூர்க்கணக்கன்

நியாயமான கேள்வி அண்ணா. சாவு என்பதை 'பழைய வழக்கத்தைக் கைவிட்டு யோசிப்பது' என்று படிக்கணும். ஒரு வீடு இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று பக்கத்தில் யார் நன்றாக இருக்கிறார் என்று பார்த்து அவரைப் போலச் செய்கிறது. ஆனால் இறப்பு முதலில் முறையில் தன் சொந்த வருமானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது செயற்கை. தன்னையும் ஒரு போட்டியாளராகச் சேர்த்துக்கொண்டால் அது 'பார்த்துச் செய்தல்' முறை. அதற்கு எல்லை, தொடர்பு எண்ணிக்கையோடு 2 கூட்டணும். சின்னாறு ஊருக்கு 4 + 2 = 6. பலன் 5 போதாது. ஆக மனுஷனுக்குக் கொஞ்சம் பொருத்தமான முறைக்குப் போனாலே இந்த ஊர் தோற்கிறது.

புதுப்பிக்கும் வரிசை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று. 1992-ல் நோவாக்கும் மே-யும் சதுரக் கட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பார்த்த பெரிய வருமானக்காரரைக் காப்பியடிப்பதாக வைத்தார்கள். எட்டு அக்கம்பக்கமும் தானும். ஏய்ப்பின் ஆசை, அதாவது ஒத்துழைப்பவரை ஏய்த்தால் கிடைக்கும் வருமானம் (இருவரும் ஒத்துழைத்தால் 1), 1.8-க்கும் 2-க்கும் நடுவில் இருந்தால் கோலம் ஓயாமல் மாறும், ஆனால் ஒத்துழைப்பவர் பங்கு 0.318 அருகில் நிற்கும். அடுத்த வருஷமே ஹியூபர்மனும் கிளான்ஸும் ஒருவர் பின் ஒருவராகப் புதுப்பித்துக் காட்டினார்கள். அந்த அளவுகளில் கோலம் கலைந்து ஏய்ப்பவரே மிஞ்சினார்கள். 94-ல் நோவாக் தரப்பு வேறு அளவுகளில் ஒத்துழைப்பு நிற்கும் என்று பதில் போட்டது. ஊரில் எல்லோரும் ஒரே மணிக்கு மனம் மாறுவதில்லை, அதனால் ஒருவர் பின் ஒருவர் முறையைத்தான் நான் எடுப்பேன்.

#7 மாமண்டி (காவேரிப்பட்டணம்)

எல்லா வீட்டுக்கும் சமமாக 4 தொடர்பு என்று எந்த ஊரில் இருக்கிறது? இந்தப் பக்கம் ஒரு மா மண்டிக்காரருக்கு நாற்பது ஐம்பது தோப்புக்காரரோடு தொடர்பு. தோப்புக்காரருக்கு ஒன்றிரண்டு. சமமில்லாத வலைப்பின்னலில் பெரிய கணுக்கள், அதாவது நிறையத் தொடர்புள்ள புள்ளிகள், ஒத்துழைப்பைத் தூக்கி நிறுத்தும் என்று 2005-ல் சாண்டோஸும் பச்சேகோவும் காட்டியாச்சே. அந்த மாதிரி வலைப்பின்னல் போட்டால் சின்னாறு பிரச்சினை தீர்ந்துவிடும்.

#8 தகடூர்க்கணக்கன்

தீராது. அவர்கள் காட்டியது சரி, ஆனால் ஒரு திருகு அதில் ஒளிந்திருக்கிறது: ஒரு கணுவின் வருமானம் எல்லாத் தொடர்பிலும் வந்ததன் கூட்டுத்தொகை. 40 தொடர்புள்ளவர் 40 ஆட்டம் ஆடுகிறார், அதனாலேயே பணக்காரர், அதனாலேயே எல்லோரும் அவரைக் காப்பியடிக்கிறார்கள். அவர் ஏய்ப்பவராக இருந்தால் சுற்றியுள்ளவர்களும் ஏய்ப்பவராகி அவர் வருமானம் வற்றும். ஒத்துழைப்பவராக இருந்தால் சுற்றியுள்ளவர்கள் அவரைப் பார்த்து மாறி அவர் இன்னும் செழிப்பார். எந்திரம் அழகானது. ஆனால் வருமானத்தைத் தொடர்பு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க, அல்லது ஒவ்வொரு தொடர்பையும் வைத்திருக்க ஒரு சின்னச் செலவு போடுங்க, அந்த அனுகூலம் கரைந்துவிடும்.

சராசரி வருமானம் வைத்தால் என்ன வரும் என்பதற்கு 2017-ல் ஆலன் குழு நேச்சரில் போட்ட சூத்திரம் எந்த வலைப்பின்னலுக்கும் பொருந்தும், மெலிந்த தேர்வு, இறப்பு முதலில். மண்டி விஷயத்துக்கு அதில் நேரான பதில் இருக்கிறது. ஒரு மண்டிக்காரர், சுற்றி அவரோடு மட்டும் தொடர்புள்ள தோப்புக்காரர்கள், இது நட்சத்திர வடிவம். அதில் ஒத்துழைப்புக்கு எல்லையே இல்லை, எவ்வளவு பலன் வைத்தாலும் தழைக்காது. இரண்டு பெரிய நட்சத்திரங்களின் நடுப்புள்ளிகளை, அதாவது இரண்டு மண்டிக்காரரை, ஒரே ஒரு கோட்டால் இணைத்தால் எல்லை 5/2-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு கோடு! பெரிய கணு இருக்கிறதா என்பதைவிடப் பெரிய கணுவுக்கு நிகரான இன்னொன்றோடு தொடர்பு இருக்கிறதா என்பது முக்கியம்.

#9 மாமண்டி

சூத்திரத்தை எழுதுங்க, போட்டுப் பார்க்கிறோம்.

#10 ஓசூர்_நிரல்

நான் எழுதுகிறேன்.

வலைப்பின்னலில் இரண்டு பேர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற மாதிரி குருட்டு நடை நடக்கிறார்கள் என்று வையுங்க. ஒரு கணுவிலிருந்து பக்கத்துக் கணுவுக்குப் போகும் வாய்ப்பு, அந்தக் கோட்டின் எடை ÷ அந்தக் கணுவின் மொத்த எடை. இருவரும் சந்திக்க ஆகும் சராசரி நேரம் ஒவ்வொரு ஜோடிக்கும் வேண்டும். ஒரே கணுவில் இருந்தால் 0. வேறு வேறு என்றால்: 1 + முதலாமவர் ஓர் அடி வைத்தால் வரும் நேரங்களின் சராசரியில் பாதி + இரண்டாமவர் ஓர் அடி வைத்தால் வரும் நேரங்களின் சராசரியில் பாதி. இவ்வளவுதான், நேர்கோட்டுச் சமன்பாடு. 100 கணுவுக்கு 4,950 தெரியாத எண்கள். பைத்தானில் நம்பை (NumPy) என்ற கணித நூலகம் ஒரே வரியில் தீர்த்துவிடும். வலைப்பின்னலை உருவாக்க நெட்வொர்க்எக்ஸ் (NetworkX) நூலகம்.

பிறகு நடையின் இரு முனைக்கான சராசரி நேரம். ஒரு கணுவை அதன் எடைக்கு ஏற்ற வாய்ப்பில் எடுத்து, அங்கிருந்து 1 அடி நடந்தால் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் சந்திப்பு நேரம் த1. 2 அடிக்கு த2, 3 அடிக்கு த3. எல்லை = த2 ÷ (த3 − த1).

வழுக்கும் இடம் மூன்று. கணுவைச் சம வாய்ப்பில் எடுத்தால் தப்பு, எடைக்கு ஏற்ப எடுக்கணும். 2 அடி நடையில் திரும்பித் தொடங்கிய கணுவுக்கே வந்துவிடுவதையும் சேர்க்கணும், அதை விட்டால் த2 பெருத்துவிடும். வலைப்பின்னல் துண்டு துண்டாக இருந்தால் அணி தலைகீழ் ஆகாது என்று நிரல் கத்தும். முதலில் இணைந்திருக்கிறதா என்று பாருங்க. நட்சத்திரத்துக்கு த3 = த1 வரும், கீழே பூஜ்யம். அது பிழை இல்லை, தகடூர் அண்ணா சொன்ன பதில் அதுதான். த3 − த1 எதிர்மமாக வந்தாலும் பிழை இல்லை: அந்த வலைப்பின்னலில் உதவிக்குப் பதில் கேடுதான் தழைக்கும் என்று அர்த்தம்.

கோட்டின் எடையைச் சின்னாறு கட்டாயம் பயன்படுத்தணும். பங்காளி வீட்டுக்கு 5, அடுத்த தெருவுக்கு 1 என்று வைத்தால் எல்லை இறங்கும். ஆலன் குழு சொன்ன முடிவும் அதேதான், இரண்டிரண்டு பேருக்குள் இறுகிய உறவுள்ள சமூகத்தில்தான் ஒத்துழைப்பு அதிகம் தழைக்கும்.

#11 அரூர்_டீச்சர் (அரூர்)

எல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. மனுஷரை உட்கார வைத்து ஆடிய சோதனைகளும் இருக்கு, அதையும் சேர்த்துப் பேசணும். ஸ்பெயினில் அரகோன் பகுதியில் 1,229 பள்ளி மாணவர்களைக் கணினி முன் உட்கார வைத்து கைதிகள் சங்கட ஆட்டம் (தனியாக ஏய்ப்பவனுக்கு லாபம், எல்லோரும் ஏய்த்தால் எல்லோருக்கும் நஷ்டம்) ஆடினார்கள், 2012-ல் வெளியானது. 625 பேர் சதுரக் கட்டத்தில், 604 பேர் பெரிய கணு சின்னக் கணு கலந்த வலைப்பின்னலில். ஒத்துழைப்பு அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மாமண்டி சார் சொன்ன பெரிய கணு மந்திரம் பலிக்கவில்லை.

காரணம், பிள்ளைகள் பக்கத்தில் யார் அதிகம் சம்பாதித்தார் என்று பார்த்துக் காப்பியடிக்கவே இல்லை. போன சுற்றில் பக்கத்தில் எத்தனை பேர் ஒத்துழைத்தார்கள், நான் ஒத்துழைத்தேனா என்ற இரண்டையும் வைத்து முடிவெடுத்தார்கள். தான் போன முறை ஒத்துழைத்திருந்தால், பக்கத்திலும் ஒத்துழைத்திருந்தால், திரும்பச் செய்வார்கள். தானே ஏய்த்திருந்தால் பக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை. இந்தக் குணத்துக்கு 'மனநிலை சார்ந்த நிபந்தனை ஒத்துழைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் 2014-ல் ராண்ட், நோவாக், ஃபௌலர், கிறிஸ்டாகிஸ் செய்த சோதனையில் பலன்÷செலவு தொடர்பு எண்ணிக்கையைத் தாண்டிய இடங்களில் ஒத்துழைப்பு கரையாமல் நின்றது. ஆக விதி பொய் இல்லை. அரகோன் ஆட்டத்தின் பலன் அந்த எல்லைக்கு வந்ததா என்று பார்க்காமல் இரண்டையும் மோத விடக்கூடாது.

#12 மாமண்டி

சரி டீச்சர், பெரிய கணுவை விடறேன். ஆனா ஒன்று. தோப்புக்காரர் யாரும் மண்டிக்காரரைப் பார்த்து மண்டி நடத்தப் போவதில்லை. காப்பியடித்தல் இந்த உறவில் எங்கே வருது? எடையில் ஏமாற்றினார் என்று பேர் பரவினால் அடுத்த பருவம் லோடு வேறு மண்டிக்குப் போகும். அதுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கு.

#13 தகடூர்க்கணக்கன்

இப்போ சொன்னீங்களே, அது நூற்றுக்கு நூறு. அது வலைப்பின்னல் விதி இல்லை, பேர் விதி. நோவாக்கும் சிக்மண்டும் 1998-ல் கொடுத்தது. ஒருவர் பேரை எதிராளி அறிந்திருக்கும் வாய்ப்பு ப என்றால், பலன்÷செலவு 1/ப-ஐத் தாண்டணும். 5 மடங்கு பலன் இருந்தால், ஐந்தில் ஒருவருக்கு மேல் செய்தி எட்டினாலே போதும். அதோடு உறவை அறுத்துக்கொண்டு போகிற வசதி. 2011-ல் ராண்ட், ஆர்ப்ஸ்மன், கிறிஸ்டாகிஸ் செய்த சோதனையில், சுற்றுக்குச் சுற்று ஜோடிகளில் 30 சதவீதத்துக்குத் தொடர்பை வெட்டவோ ஒட்டவோ வாய்ப்புக் கொடுத்தபோது ஒத்துழைப்பு நின்றது. வாய்ப்பு அரிதாக இருந்தபோதும் வலைப்பின்னல் அசையாமல் இருந்தபோதும் வழக்கம்போலச் சரிந்தது.

#14 மதகடி

இதைத்தான் முதலிலிருந்து சொல்ல நினைத்தேன். வெட்டிக்கொள்ள முடிகிற உறவு, முடியாத உறவு, இரண்டையும் ஒரே விதியில் போட்டு அரைக்கக்கூடாது. ஆளுக்கு ஆள் போவதில் ஏய்த்தவனை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டோம், தீர்ந்தது. கூட்டுக்கிணற்றில் பங்காளியை வெட்ட முடியுமா? பத்திரத்தில் பங்கு இருக்கு.

நாலு பங்கு கிணற்றை எடுங்க. நாலு பேரும் ஒருவரோடொருவர் தொடர்பு, ஆளுக்கு 3. தகடூர் சூத்திரத்தில் போட்டால் 2 ÷ (4/3 − 2) = −3. ஓசூர் தம்பி சொன்ன எதிர்மம்! கேடுதான் தழைக்கும். வலைப்பின்னல் விதியை நம்பி இருந்தால் எந்தக் கூட்டுக்கிணறும் ஒரு வருஷம் தாண்டாது. ஆனால் தலைமுறையாக ஓடுகிற கிணறும் இருக்கே. பிடித்து வைத்திருப்பது திரும்பத் திரும்பச் சந்திப்பது. அடுத்த சுற்றும் உண்டு என்கிற வாய்ப்பு கிணற்றில் கிட்டத்தட்ட 1. பலன்÷செலவு 1-ஐக் கொஞ்சம் தாண்டினாலே போதும்.

ஆனா இதிலும் ஒரு கோணல் இருக்கு. ஆக்செல்ராட் நடத்திய கணினி நிரல் போட்டிகளில், முதல் முறை 14 நிரல், இரண்டாம் முறை 62, இரண்டிலும் ராப்போபோர்ட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்' (முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன முறை செய்ததையே செய்) ஜெயித்தது. அது இருவர் ஆட்டம். கிணற்றில் முறை வட்டமாகப் போகிறது: முதல் பங்குக்காரர், இரண்டு, மூன்று, நாலு, திரும்ப ஒன்று. ஒன்றாமவர் மோட்டாரை இரண்டு மணி நேரம் கூட ஓட்டினால் அடிபடுவது இரண்டாமவர். இரண்டாமவர் பதிலுக்கு ஓட்டினால் அடிபடுவது மூன்றாமவர், ஒன்றாமவர் இல்லை. பழி ஊரைச் சுற்றிக்கொண்டு மூன்று நிரபராதியைத் தாண்டித்தான் திருடனிடம் வரும். அதற்குள் கிணறு வறண்டுவிடும். அதனால் பதிலுக்குப் பதில் கிணற்றில் தானாக வேலை செய்யாது. கூடின நேரத்தை எடுத்தவர் கணக்கில் அடுத்த முறை கழித்து, இழந்தவருக்குச் சேர்ப்பது என்று நாலு பேரும் ஒப்புக்கொள்ளணும். கழித்தல் நேரே எடுத்தவரைப் பிடிக்கிறது. காவலுக்கு ஆள் போட வேண்டாம், அடுத்த முறைக்காரர் மடையில் காத்துக்கொண்டுதான் நிற்பார். முறை வைத்தால் காவல் இலவசம் என்பதை எலினோர் ஆஸ்ட்ரம் ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்களை வைத்து 1990-லேயே எழுதினார்.

#15 சின்னாறு

கரண்ட் போய் முறை குறைந்தால்? அது ஏய்ப்பு இல்லையே, ஆனால் ஏய்ப்பு மாதிரித் தெரியும்.

#16 தகடூர்க்கணக்கன்

அதற்குத்தான் மன்னிக்கிற பதிலுக்குப் பதில். மும்முனை மின்சாரம் நின்று, வந்த பிறகு ஒருவர் விட்டதைப் பிடிக்க ஓட்டினால் மற்றவருக்கு அது திருட்டாகப் படும். இறுக்கமான பதிலுக்குப் பதிலில் ஒரு தப்பு நேர்ந்தால் இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருப்பார்கள், நிற்காது. 1992-ல் நோவாக்கும் சிக்மண்டும் எத்தனை பங்கு மன்னிக்கலாம் என்று கணக்கு கொடுத்தார்கள். ஆக்செல்ராடின் 5, 3, 1, 0 புள்ளிகளுக்கு மூன்றில் ஒரு தடவை. சின்னாறின் மாதிரி உதவி ஆட்டத்தில் அது 1 − செலவு÷பலன். பலன் 5, செலவு 1 என்றால் ஐந்தில் நாலு தடவை மன்னிக்கலாம், அதற்கு மேல் போனால் சுரண்டுவார்கள். மன்னிப்பைக் கணக்கில் முறை வைத்துச் செய்யக்கூடாது, எப்போது மன்னிப்போம் என்று தெரிந்தால் அந்தத் தடவை பார்த்து ஏய்ப்பார்கள். கிணற்றில் இன்னும் எளிது: முறையை மணியில் அளக்காமல் மோட்டார் ஓடின நேரத்தில் அளந்தால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது. ஸ்டார்ட்டரில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் ஒன்று போதும்.

#17 மாமண்டி

ஏரிக்கு?

#18 மதகடி

ஏரி வேறு ஆட்டம். மதகடியில் நிலம் உள்ளவருக்கும் கடைமடைக்காரருக்கும் நிலை சமமே இல்லை. மேல்காரருக்குக் கீழ்காரர் தண்ணீர் விடத் தேவையில்லை, பதிலுக்குப் பதில் செய்ய அவருக்கு ஆயுதமும் இல்லை. கரை கட்டவும் வாய்க்கால் தூர் வாரவும் கடைமடை ஆள் வேண்டியிருக்கும் இடத்தில்தான் அவர் பேச்சு எடுபடும். 1993-ல் ஆஸ்ட்ரமும் கார்ட்னரும் நேபாள வாய்க்கால்களில் காட்டியது இதுதான்: பராமரிப்புக்கு ஆள்பலம் தேவைப்பட்ட இடத்தில் தண்ணீர் கடைசி வரை போனது. ஜே.சி.பி. வந்து அந்தத் தேவையை எடுத்துவிட்டால் கடைமடையின் பேரம் போய்விடும்.

தூர் வாருவது கைதிகள் சங்கடம்கூட இல்லை. இருவருக்கும் ஒரே வாய்க்கால், அடைப்பை எடுத்தால் ஆளுக்கு 400 ரூபாய் பலன், வேலைச் செலவு 200, இருவரும் சேர்ந்து எடுத்தால் அதில் ஆளுக்குப் பாதி. நீ எடுக்கவில்லை என்றால் நானே தனியாக எடுத்தாலும் எனக்கு 200 மிச்சம். அதனால் எடுப்பேன். நீ எடுப்பாய் என்று தெரிந்தால் சும்மா இருப்பேன். இதைப் பனிக்குவியல் ஆட்டம் என்பார்கள். நமக்கு அடைத்த மடை ஆட்டம். செலவு ÷ (2 × பலன் − செலவு) = 200 ÷ 600, மூன்றில் ஒருவர் சும்மா இருப்பார், இருவர் வேலை செய்வார், அங்கே நிற்கும். 2004-ல் ஹவர்ட்டும் டோபலியும் காட்டினது இன்னும் விசித்திரம்: இந்த ஆட்டத்தைக் கட்டத்தில் அடுக்கினால் ஒத்துழைப்பு பல இடங்களில் குறைகிறது. சின்னாறு, உங்க ஊரில் எந்த வேலை எந்த ஆட்டம் என்று பிரிக்காமல் வலைப்பின்னலைத் தொடாதீங்க.

#19 சின்னாறு

புரிந்தது. ஆளுக்கு ஆள் போவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எடை போட்ட கோடு, பார்த்துச் செய்தல் முறை, பிறகு வெட்டி ஒட்டுதல். டீச்சர், இதைப் பிள்ளைகளை வைத்து ஆட முடியுமா?

#20 அரூர்_டீச்சர்

ஆடலாம். இரண்டு ஆட்டம் சொல்றேன், இரண்டுக்கும் புளியங்கொட்டை போதும், நம்ம பக்கம் அதற்குப் பஞ்சமா.

முதலாவது பொதுக்குவியல். நாலு பேர் குழு, ஆளுக்கு 20 கொட்டை. குவியலில் எவ்வளவு போட்டாலும், போட்ட ஒவ்வொரு கொட்டைக்கும் நாலு பேருக்கும் தலைக்கு 0.4 திரும்பும். எல்லோரும் முழுக்கப் போட்டால் ஆளுக்கு 32. ஒருவன் மட்டும் போடாவிட்டால் அவனுக்கு 44, மற்ற மூவருக்கு 24. யாருமே போடாவிட்டால் 20. கொட்டையை உடைக்க முடியாது, அதனால் 0, 5, 10, 15, 20 என்று மட்டும் போட விடுங்க. 5 கொட்டைக்கு தலைக்கு 2, மிச்சமே வராது. கையை மூடி டப்பாவில் போடணும். 10 சுற்று. முதல் சுற்றில் பாதி அளவு விழும், பிறகு இறங்கும். இறங்கினதும் தண்டனையைச் சேருங்க: ஒரு கொட்டை செலவழித்தால் எதிராளியிடம் 3 பறிக்கலாம். ஃபேர், கேஹ்டர் 2002-ல் வைத்த அளவு அதுதான். எச்சரிக்கை, 2008-ல் 16 இடங்களில் ஆடினபோது சில இடங்களில் நிறையப் போட்டவரையே தண்டித்தார்கள். யார் யாரைத் தண்டித்தார் என்பதைப் பெயர் இல்லாமல் எண்ணோடு எழுதிவையுங்க, இல்லாவிட்டால் இடைவேளையில் சண்டை.

இரண்டாவது உங்களுக்கு வேண்டியது. 20 பிள்ளைகள் வட்டமாக, ஆளுக்கு 2 அக்கம்பக்கம். 'கொடு' என்றால் 2 கொட்டை போகும், இரு பக்கத்துக்கும் ஆசிரியர் குவியலிலிருந்து நாலு நாலு சேரும். எல்லை 18 ÷ 8 = 2.25, நம்மிடம் 4. பிறகு அதே பிள்ளைகளை 6 அக்கம்பக்கத்தோடு ஆட விடுங்க; எல்லை 18 ÷ (20/6 − 2) = 13.5, கரைவதைப் பார்க்கலாம். தொடக்கத்தில் ஆளுக்கு 30 கொட்டை கொடுங்க, 2 தொடர்பில் 15 சுற்று வரை கடன் வராது.

#21 ஓசூர்_நிரல்

6 தொடர்பில் 'கொடு' என்றால் 6 கொட்டை போகுமே, 30 ஐந்து சுற்றில் தீர்ந்துவிடும் டீச்சர்.

#22 அரூர்_டீச்சர்

சரியாப் பிடிச்சீங்க தம்பி. 90 வேணும். அவ்வளவு கொட்டையை எண்ணிக்கொடுத்தால் பாதி வகுப்பு போய்விடும். 6 தொடர்புக்குக் கரும்பலகையில் கோடு போட்டுக் கழிங்க. கடைசிச் சுற்று எது என்று முன்னாடியே சொல்லாதீங்க. சொன்னால் அதிலே ஏய்ப்பார்கள், அது தெரிந்து அதற்கு முந்தினதிலும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் பகடை உருட்டி 6 விழுந்தால் நிறுத்துங்க. சராசரி 6 சுற்று வரும். ரொம்பச் சீக்கிரம் 6 விழுந்துவிட்டால் புது ஆட்டமாகத் திரும்பத் தொடங்குங்க, விழுந்ததைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடக்கூடாது.

#23 சின்னாறு

பகடையை யார் உருட்டணும்?

#24 அரூர்_டீச்சர்

நீங்க உருட்டுங்க, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு டம்ளரில் போட்டு. பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஜெயிக்கிறவன் 6 விழுந்ததைக் காலால் தட்டிவிடுவான்.